மழை பொய்ச்சா மனுசன் ஃபெயிலா?

போன வாரம் திருச்சியில ஒரு கல்யாணம். சித்தப்பா பேத்திக்கு. பந்தியில எனக்குப் பக்கத்து இலையில உக்காந்தவன் தம்பி முறை ஒருத்தனோட மகன். சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. நல்ல பையன், மரியாதை தெரிஞ்சவன். ரசம் ஊத்துற நேரத்துல கேட்டான்.

"பெரியப்பா, உங்க தெருவுல அந்தப் பையன் வேலையை விட்டுட்டு ஊருக்கே வந்துட்டானாமே? சென்னையில ஃபெயிலாகி வந்துட்டானா?"

"வந்திருக்கான்ப்பா. அப்பாவுக்கு உடம்பு முடியலை. காட்டைப் பார்த்துக்கிறான்"னு சொன்னேன்.

"அதுவே ஃபெயிலான தொழிலாச்சே பெரியப்பா. அங்க ஃபெயிலாகி இங்க வந்து, இங்கயும் ஃபெயிலாகவா?"

ஒரு ரசம் சோறு சாப்பிடுற நேரத்துக்குள்ள நாலு ஃபெயில். அதுல ஒண்ணு ஒரு பையனுக்கு, ஒண்ணு ஒரு ஊருக்கு, ஒண்ணு ஒட்டுமொத்த வெள்ளாமைக்கு. அவன் கெட்ட எண்ணத்துல சொல்லலை. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. யோசிக்காம வாயில வர்ற வார்த்தைதான் மனசுக்குள்ள என்ன இருக்குன்னு காட்டும். பந்தியில வச்சு ஒண்ணும் பேசலை. மோர் வாங்கிக் குடிச்சுட்டு எந்திரிச்சுட்டேன். பேச வேண்டியதை இங்க எழுதுறேன். பட்டணத்துல இருந்து இந்தப் பக்கத்தைப் படிக்கிற நீங்களும் கேட்டுக்கங்க. உங்களையும் சேர்த்துதான் திட்டப் போறேன்.

முதல்ல எங்க ஊர்ப் பேச்சு எப்படி இருக்கும்னு சொல்றேன். எங்களுது பெரம்பலூர்ப் பக்கம். கரிசக் காடு. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். கிணத்துல தண்ணி இருக்கிறவன் கொஞ்சம் நெல்லு போடுவான். பெரும்பாலும் மானாவாரி. வானத்தைப் பார்த்துதான் பொழப்பு.

மழை வரலைன்னா நாங்க "மழை பொய்ச்சிருச்சு"ன்னு சொல்லுவோம். வர்றேன்னு சொல்லிட்டு வராம ஏமாத்திருச்சுன்னு அர்த்தம். வள்ளுவரும் வான்சிறப்பு அதிகாரத்துல மழை பெய்யாம போறதுக்கு இதே வார்த்தையைத்தான் போட்டிருக்கார். பொய் சொன்னது மழை. மனுசன் இல்லை.

நெல்லு பால் பிடிக்கிற நேரத்துல தண்ணி பத்தலைன்னா கதிர் வெளியில வந்து நிமிர்ந்தே நிக்கும். தூரத்துல பார்த்தா நல்லா இருக்கிற மாதிரி தெரியும். கையில உருவிப் பார்த்தா உள்ள அரிசி இருக்காது. அதுக்கு "சாவியாப் போச்சு"ம்போம். வெங்காயத்தாள் முறுக்கிக்கிட்டுச் சாய்ஞ்சா "திருகல் விழுந்திருச்சு". விதை முளைக்கலைன்னா "முளைப்பு விடலை". பருத்தியில மழை அடிச்சுக் கொட்டினா "பூவும் சப்பையும் உதிர்ந்திருச்சு". மாட்டுக்கு ஊசி போட்டு நிக்கலைன்னா "சினை பிடிக்கலை". கிணத்துல "ஊத்து அடைஞ்சிருச்சு". எல்லாம் நல்லா விளைஞ்சு சந்தைக்குக் கொண்டு போனா "விலை விழுந்திருச்சு". எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு வார்த்தை வேணும்னா "வெள்ளாமை வீடு வந்து சேரலை", இல்லைன்னா "இந்த வருசம் கை குடுக்கலை".

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவன். ஆனா எழுவாய், பயனிலை எங்க தமிழ் வாத்தியார் நல்லா சொல்லிக் குடுத்தார். மேல சொன்னதுல எல்லாம் எழுவாயைப் பாருங்க. மழை, நெல்லு, விதை, ஊத்து, விலை, வருசம். ஒவ்வொண்ணுலயும் எது கெட்டுச்சு, எங்க கெட்டுச்சுன்னு தெரியுது. சாவியாப் போச்சுன்னு ஒருத்தன் சொன்னான்னா, எந்த நேரத்துல தண்ணி பத்தாம போச்சுன்னு கேக்கிறவனுக்குப் புரிஞ்சிரும். திருகல்னு சொன்னா நோய்னு புரியும். அடுத்த வருசம் என்ன பண்ணணும்னு யோசனையும் அதுலயே ஆரம்பிச்சிரும்.

"அவன் ஃபெயிலாயிட்டான்"ல எழுவாய் யாரு? அவன். மழை போச்சு, விலை போச்சு, ஊத்து போச்சு, புழு போச்சு, எல்லாம் மறைஞ்சு போயி மனுசன் மட்டும் நிக்கிறான். என்ன ஆச்சுன்னு ஒண்ணும் தெரியலை. ஆனா தீர்ப்பு மட்டும் வந்திருச்சு.

"பெருசு, ஒரு வார்த்தைக்கு இவ்வளவா?"ன்னு நீங்க கேப்பீங்க. ஒரு வார்த்தை என்ன பண்ணும்னு ஒரு கதை சொல்றேன். கதை இல்லை, நடந்தது.

எங்களுக்குப் பங்காளி முறையில ஒரு அண்ணன். பேர் வேண்டாம். ரெண்டரை ஏக்கர், ஒரு பழைய கிணறு. மாடு பழக்குறதுல அவரை மாதிரி ஆளைப் பார்க்க முடியாது. 2016ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்நாடு முழுக்க வழக்கத்தை விட 60 சதவீதத்துக்கும் மேல குறைவு. 2017 ஜனவரியில அரசாங்கமே எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதிச்சதா அறிவிச்சது. அந்தக் கோடையில அண்ணன் போர் போட்டார். முதல் போர் 600 அடி. புகைதான் வந்துச்சு. ரெண்டாவது 800 அடி. கொஞ்சம் ஈரம் காட்டிட்டு நின்னு போச்சு. பொண்டாட்டி கழுத்துல கிடந்ததைக் கழட்டி மூணாவது போட்டார். ஆயிரம் அடி தாண்டியும் வெள்ளைப் புழுதிதான். போர் வண்டிக்காரருக்குத் தண்ணி வந்தாலும் அடிக்கு அதே காசு, புகை வந்தாலும் அதே காசு. விடியக்காலையில வண்டி கிளம்பிப் போச்சு. மூணு குழியும் கடனும் அண்ணனும் நின்னாங்க.

இங்க ஒரு விசயம் ஒத்துக்கிறேன். போருக்கு நாங்களும் "ஃபெயில்"னுதான் சொல்றோம். "மூணும் ஃபெயில்"னு ஊரு முழுக்கப் பேச்சு. போர் ஃபெயில்ங்கிறது எப்ப மனுசன் ஃபெயிலா மாறுச்சுன்னு யாரும் கவனிக்கலை. ஒரு காதுகுத்து வீட்டுல சொந்த மாப்பிள்ளையே நாலு பேர் முன்னால சொல்லிட்டார்: "மாமா கணக்குப் பார்க்கத் தெரியாம ஃபெயிலாயிட்டார்." அண்ணன் காதுல விழுந்துச்சு. ஒண்ணும் சொல்லலை. அடுத்த மாசம் மாட்டை வித்தார். திருப்பூருக்குப் போயி ஒரு மில்லுல காவலுக்குச் சேர்ந்துட்டார். வட்டி கட்டணும்ல, போனதுல தப்பு இல்லை. ஆனா அதுக்கப்புறம் பொங்கலுக்கும் வரலை, குலசாமிக்குப் படையலுக்கும் வரலை.

ரெண்டு வருசம் கழிச்சு வேற சோலியாத் திருப்பூர் போனப்ப பார்த்தேன். கேட்டுக்குப் பக்கத்துல ஒரு தகரக் கூண்டு. தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டுப் பேசினார். ஊருக்கு வாங்கண்ணேன்னு கூப்பிட்டேன். "ஃபெயிலான ஆளு தம்பி நான். எந்த முகத்தை வச்சுக்கிட்டு வர்றது?"ன்னார்.

நட்டம்னா அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. இத்தனை ரூவா, இத்தனை வட்டி, கட்டினா தீர்ந்திரும். அவர் அந்தக் கடனைக் கூண்டுல உக்காந்தே கட்டி முடிச்சுட்டார். கட்டியும் ஊருக்கு வர முடியலை. ஏன்னா ஃபெயிலுக்குத் தவணை கிடையாது. யாருக்குக் கட்டுறது அதை?

இப்ப மீதியையும் கேளுங்க. 2021ல அதே வடகிழக்குப் பருவமழை வழக்கத்தை விடப் பாதிக்கும் மேல கூடுதலாப் பெஞ்சது. அண்ணனோட பழைய கிணறு, எது வத்திப் போச்சுன்னு மூணு போர் போட்டாரோ அதே கிணறு, மேல்படி வரைக்கும் தண்ணி. அந்தக் காட்டை இப்ப குத்தகைக்கு உழுகிறவர் நெல்லு போட்டார். அதே மண்ணு, அதே வரப்பு, அதே கிணறு. நல்ல வெள்ளாமை. அப்ப 2017ல ஃபெயிலானது யாரு? அந்தக் குத்தகைக்காரர் அண்ணனை விடக் கெட்டிக்காரரா? அவரே என்கிட்ட சொன்னார், "உழவுல அவருக்கு நான் உரை போடக் காணமாட்டேங்க"ன்னு.

சரி, உங்க பக்கத்துக்கு வர்றேன்.

நகரத்துல இருந்து ஊருக்குப் பேச வர்றவங்க ஒரு வசனம் வச்சிருக்காங்க. "ஃபெயிலியர்தான் வெற்றிக்கு முதல் படி." எங்க ஊர்ப் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுலகூட ஒருத்தர் பேசினார். சீக்கிரமா ஃபெயிலாகணும், அடிக்கடி ஃபெயிலாகணும், அப்பத்தான் கத்துக்க முடியும்னார். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அடுத்தவன் முதலைப் போட்டு ஆரம்பிக்கிற கம்பெனி படுத்தா, இன்னொரு கம்பெனி ஆரம்பிக்கலாம். போன தடவை படுத்ததையே பெருமையாச் சொல்லலாம். ஒரு ஏக்கர் சின்ன வெங்காயம் நடணும்னா 600 கிலோ விதை வெங்காயம் வேணும். அது திருகல்ல போச்சுன்னா அடுத்த பட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். மண்ணுல ஒருத்தன் உழைச்சு முடிச்சா மொத்தமே முப்பது நாப்பது வெள்ளாமைதான் பார்ப்பான். இதுல அடிக்கடி எங்கப்பா ஃபெயிலாகுறது? உங்க படிக்கட்டு எங்க வீட்டுல இல்லை.

இன்னொண்ணு, "வெற்றி விவசாயி". பத்திரிகையிலயும் யூடியூப்லயும் வாராவாரம் வர்றார். வேலையை விட்டுட்டு வந்து ஒரு ஏக்கர்ல லட்சம் லட்சமாச் சம்பாதிக்கிறார். அவங்க மேல எனக்குப் பொறாமை இல்லை, நல்லா இருக்கட்டும். ஆனா அந்தக் கணக்கை உக்காந்து போட்டுப் பாருங்க. வீட்டு ஆளுங்க கூலி இருக்காது. நிலத்துக்குக் குத்தகை இருக்காது. வேலி போட்ட காசு, போர் போட்ட காசு, முந்தின வேலையில சேர்த்து வச்ச காசு எதுவும் இருக்காது. விலை உச்சத்துல இருந்த ஒரு பட்டத்தை எடுத்து எழுதிட்டுப் போயிருவாங்க. அதைப் படிச்சுட்டு நீங்க எங்களைப் பார்த்து "அவரால முடியுது, உங்களால ஏன் முடியலை?"ன்னு கேக்கிறீங்க. வெற்றி விவசாயின்னு ஒருத்தருக்குப் பட்டம் கட்டின அன்னைக்கே மீதிப் பேருக்கு என்ன பேர் வச்சிட்டீங்கன்னு யோசிச்சீங்களா?

வெற்றி தோல்வி எல்லாம் ஆட்டத்துக்கு உள்ள வார்த்தைங்க. சின்ன வயசுல கோலி ஆடினப்ப தோத்தவனைத் தோத்தாங்கோளின்னு கத்துவோம். தோத்தவன் முட்டியால கோலியைத் தள்ளிக்கிட்டுப் போவான். ஆனா அங்க எதிராளி இருந்தான். ரெண்டு பேருக்கும் ஒரே கோடு, ஒரே குழி. மறுநாள் அவனே ஜெயிப்பான். வெள்ளாமையில எனக்கு எதிராளி யாரு? 2018ல மக்காச்சோளத்துல படைப்புழு விழுந்துச்சே, அது எங்க ஊருப் புழுவே இல்லை. அமெரிக்கக் கண்டத்துப் புழு. 2016ல ஆப்பிரிக்காவுக்கு வந்து, 2018ல இந்தியாவுக்குள்ள நுழைஞ்சது. அந்தப் புரட்டாசியில நாங்க விதைச்சப்ப அது என்னன்னே யாருக்கும் தெரியாது. குருத்துக்குள்ள உக்காந்து தின்னுட்டு மரத்தூள் மாதிரி எச்சத்தைத் தள்ளி வச்சிருந்துச்சு. ஏக்கருக்கு இருபத்தஞ்சு மூட்டை எடுக்கிற காட்டுல ஒம்போது மூட்டை எடுத்தேன். என் பக்கத்துக் காட்டுலயும் அப்படித்தான், அடுத்த ஊர்லயும் அப்படித்தான். கடல் தாண்டி வந்த புழுவோட நான் எந்தக் கோட்டுல நின்னு ஆடித் தோத்தேன்?

பயிர்க் காப்பீட்டுக்காரங்களைப் பத்தி நமக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனா இந்த ஒரு விசயத்துல அவங்க ஏற்பாட்டுல ஒரு அர்த்தம் இருக்கு. 2016ல வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துல பெரும்பாலும் தனி ஒரு ஆளோட காட்டைப் பார்த்து மகசூல் நட்டத்தை முடிவு பண்றதில்லை. கிராமம், பிர்க்கான்னு ஒரு வட்டாரத்துல சில இடத்துல அறுத்துப் பார்த்து, சராசரி எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு கணக்குப் போடுறாங்க. இதனால தனியாப் பாதிச்சவன் மாட்டிக்கிறதும் உண்டு, அதை இன்னொரு நாள் எழுதுறேன். ஆனா நட்டம்ங்கிறது ஒரு வட்டாரத்துக்கு வர்றதுன்னு சர்க்கார் காகிதமே ஒத்துக்குது. "மகசூல் இழப்பு"ன்னுதான் அதுல இருக்கு. "விவசாயி ஃபெயில்"னு எந்த விண்ணப்பத்துலயும் கட்டம் கிடையாது. காகிதத்துக்கு இருக்கிற புத்தி பந்தியில உக்காந்த நமக்கு இல்லை.

"அப்ப விவசாயி தப்பே பண்றதில்லையா? எல்லாத்துக்கும் மழை மேல பழியைப் போடுவீங்களா?"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. பண்றோம். ரெண்டு வருசம் முன்னால பேராசையில ஆடிப்பட்டத்தை விட்டுட்டு, விலை ஏறும்னு யாரோ சொன்னதைக் கேட்டு, பட்டம் தப்பி வெங்காயம் நட்டேன். மழையில மாட்டி அழுகிப் போச்சு. அது என் தப்பு. "பட்டம் தப்பி நட்டுட்டேன்"னு டீக்கடையில நானே சொன்னேன். எல்லாரும் ஒரு நாள் சிரிச்சாங்க, முடிஞ்சு போச்சு. தப்புன்னா திருத்திக்கலாம். இந்த வருசம் பட்டத்துல நட்டிருக்கேன். தப்புப் பண்ணினவன்ங்கிறது நான் செஞ்ச ஒரு காரியத்தைச் சொல்லுது. ஃபெயிலான ஆளுங்கிறது என்னையே சொல்லுது. இந்த வித்தியாசம் புரிஞ்சா போதும்.

ஊர்க்காரங்களையும் விடப் போறதில்லை. பட்டணத்தான் ஃபெயில்ங்கிறான். நாம என்ன சொல்றோம்? "அவன் கை வச்சா விளங்காது." "ராசியில்லாதவன்." விதைக்கிற அன்னைக்கு எதிர்ல வந்தா முகத்தைத் திருப்பிக்கிறோம். புருசன் வீட்டுல இருந்து திரும்பி வந்த பொண்ணுக்கு ஒரு பேர் வச்சிருக்கோமே, அதை எழுதக்கூட எனக்குக் கை கூசுது. ஃபெயிலை விட மோசமான வார்த்தை நம்ம நாக்குலயே நிறைய இருக்கு. மழைக்கும் நெல்லுக்கும் அவ்வளவு நிதானமா வார்த்தை தேடிப் பிடிச்ச நாம, மனுசனுக்கு மட்டும் ஏன் இப்படி வச்சோம்?

எங்க அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர்கிட்ட இருந்து ஒண்ணு சொல்றேன். நான் பத்தாவது எழுதினது 1985ல. அப்பல்லாம் ரிசல்ட் பேப்பர்ல வரும். பாஸ் பண்ணினவங்க நம்பரை மட்டும் பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. டீக்கடையில கூட்டமா நின்னு தேடினோம். என் நம்பருக்கு முந்தினது இருந்துச்சு, பிந்தினது இருந்துச்சு, என்னுது இல்லை. கணக்குல போயிருச்சு. நான் பயந்துக்கிட்டு ராத்திரி வரைக்கும் வீட்டுக்குப் போகலை. களத்துல வைக்கப்போருக்குப் பின்னால உக்காந்திருந்தேன். அப்பா தேடிக்கிட்டு வந்தார். வழியில யாரோ "மகன் என்னாச்சு?"ன்னு கேட்டாங்க. "நம்பர் வரலையாம்"னார். மழை வரலைன்னு சொல்ற அதே குரல்ல. "அடுத்த தடவை வரும்"னு சொல்லிட்டு என்னைக் கூட்டிக்கிட்டுப் போயி சோறு போடச் சொன்னார். அக்டோபர்ல எழுதி 41 மார்க் எடுத்தேன். அன்னைக்கு அவர் "ஃபெயில்"ங்கிற வார்த்தையை எடுத்திருந்தா நான் திரும்ப எழுதியிருப்பேனான்னு தெரியாது.

ஒவ்வொரு வருசமும் ரிசல்ட் வர்ற அன்னைக்கு எத்தனை வீட்டுல என்ன நடக்குதுன்னு நீங்களும் பேப்பர்ல படிக்கிறீங்க. அதைப் பத்தி நான் விளக்க வேண்டியதில்லை.

அதனால உங்ககிட்ட கேக்கிறது ஒண்ணுதான். ஊர்ல இருக்கிற மாமா, பெரியப்பாவுக்குப் போன் போடும்போது "இந்த வருசமும் ஃபெயிலா?"ன்னு கேக்காதீங்க. "என்ன ஆச்சு?"ன்னு கேளுங்க. மழையா, விலையா, நோயான்னு அவர் சொல்லட்டும். விலைன்னு சொன்னா கொஞ்சம் உறுத்தலாக்கூட இருக்கும். ஏன்னா அந்த வெங்காயத்தைக் கிலோ என்ன விலைக்கு வாங்கினோம்னு உங்களுக்கு ஞாபகம் வரும். உறுத்தட்டும். எங்களை ஃபெயில்னு சொல்லிட்டா அந்த உறுத்தல் வராது பாருங்க, அதுக்காகத்தான் அந்த வார்த்தை இவ்வளவு சுலபமா வாயில வருதோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

தம்பி மகனுக்கு இந்தப் பதிவை வாட்ஸப்ல அனுப்பப் போறேன். கோவிச்சுக்க மாட்டான். எங்க தெருப் பையன் பருத்திக்குக் களை வெட்டிக்கிட்டு இருக்கான். கையெல்லாம் கொப்புளம், ஆனா நல்லாத்தான் வெட்டுறான்.

அண்ணனுக்கு நேத்து ராத்திரி போன் பண்ணினேன். கிணத்துல எத்தனை படி தண்ணி இருக்குன்னு கேட்டார். பதினோரு படி முங்கிக் கிடக்குன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே வரலை. அப்புறம் "வடக்கு மூலையில ஒரு கல்லு பேந்து கிடக்கும், பார்த்து இறங்கச் சொல்லு"ன்னார். பொங்கலுக்கு வர்றீங்களான்னு கேட்டேன். லீவு கேட்டுப் பார்க்கிறேன்னிருக்கார்.

மாடு கத்துது. தண்ணி காட்டணும். மீதியை அடுத்த பதிவுல பேசுவோம்.